வன்பொருள்: பெரிய சேவையகத்தில் பழுதறிதலும் பாகம் மாற்றலும்

மாணவர்களே,

க.பொ.த. சாதாரண தரத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வன்பொருள் அலகைப் படிக்கும்போது நீங்கள் பாடசாலைக் கணினி அறையிலுள்ள மேசைக் கணினியையே மனத்திற் கொள்கிறீர்கள். அதில் தவறில்லை. ஆயினும் ஒரு சிறு உதாரணத்தைச் சிந்தியுங்கள். தண்ணீரூற்றிலிருந்து முல்லைத்தீவு நகருக்குச் சென்று ஒருவர் வங்கியின் தானியங்கிப் பணப்பொறியில் அட்டையைச் செலுத்துகிறார். அவருடைய கணக்கு மீதி அந்தப் பொறிக்குள் இல்லை. பொறி கேள்வியை மட்டும் அனுப்புகிறது. விடை வருவது வங்கியின் தரவு நிலையத்தில் இரவு பகலாக இயங்கும் சேவையகத்திலிருந்து. அந்தச் சேவையகம் நின்றால் முல்லைத்தீவிலும் பணம் வராது, மட்டக்களப்பிலும் வராது.

எனவே சேவையகத்தில் பழுது ஏற்பட்டால் மேசைக் கணினியைப்போல நிறுத்தி, கழற்றி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க இயலாது. இங்கே முதலாவது வேலை எந்தப் பாகம் பழுது என்பதைச் சான்றுடன் அறிவது. கை வைப்பது அதன் பின்னரே. இவ்வரிசை தலைகீழானால் சிறு பழுது பெரும் இழப்பாகிவிடும். அது எவ்வாறு நிகழும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

சேவையகத்தின் உள்ளமைப்பு

மேசைக் கணினியில் நீங்கள் கண்ட பாகங்கள் யாவும் சேவையகத்திலும் உண்டு: தாய்ப்பலகை, மத்திய செயன்முறை அலகு, நினைவகம், வன்தட்டு, வலு வழங்கி, விசிறி. வேறுபாடு எண்ணிக்கையிலும் ஒழுங்கிலும் உள்ளது. பெரிய சேவையகத்தில் வலு வழங்கி இரண்டு அல்லது அதற்கு மேல் இருக்கும். விசிறிகள் வரிசையாக இருக்கும். வன்தட்டுகள் முன்புறத்தில் இழுப்பறைகளைப்போலச் செருகப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் மற்றையது சுமையைத் தாங்கும். சேவையகம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பழுதானதை இழுத்தெடுத்துப் புதியதைச் செருகலாம். இதனை இயங்குநிலையில் மாற்றல் என்பர். வலு வழங்கி, விசிறி, வன்தட்டு ஆகியன பெரும்பாலும் இவ்வாறு மாற்றக்கூடியவை. தாய்ப்பலகையையும் செயலியையும் பொதுவாக இவ்வாறு மாற்ற முடியாது. நினைவகத்தை இயங்குநிலையில் மாற்றும் வசதி மிகச் சில பெரிய இயந்திரங்களுக்கே உண்டு. பரீட்சையில் இவ்வேறுபாட்டைக் கேட்டால் "சேவையகத்தில் எல்லாப் பாகங்களையும் நிறுத்தாமல் மாற்றலாம்" என எழுதிவிடாதீர்கள்.

இரட்டைப் பாகம் பற்றி இன்னொரு குறிப்பு. ஒரு சேவையகம் 600 வாற்று வலுவைப் பயன்படுத்துகிறது, அதில் 800 வாற்று வலு வழங்கிகள் இரண்டு உள்ளன எனக் கொள்க. ஒன்று பழுதானாலும் மற்றையது தனியே 600 வாற்றைத் தரும். பின்னர் புதிய செயலியும் வன்தட்டுகளும் சேர்க்கப்பட்டுத் தேவை 1000 வாற்றாக உயர்கிறது. இரண்டும் சேர்ந்து 1600 வாற்று தரவல்லவை என்பதால் இரண்டிலும் பச்சை விளக்கு எரியும்; யாரும் எதையும் கவனிக்கமாட்டார்கள். ஒன்று பழுதாகும் நாளில் எஞ்சிய 800 வாற்று போதாது, சேவையகம் நின்றுவிடும். பார்வைக்கு இரண்டு இருந்தாலும் உண்மையில் மாற்று ஏற்பாடு அங்கே இல்லை.

பழுதைக் காட்டும் மூன்று இடங்கள்

முதலாவது, பயன்படுத்துவோரின் முறைப்பாடு. "வேலை செய்யவில்லை" என்ற சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு வருபவர் நல்ல தொழினுட்பவியலாளர் அல்லர். எப்போது தொடங்கியது, எல்லோருக்குமா சிலருக்கா, அதற்கு முன்னர் ஏதாவது மாற்றப்பட்டதா என்று கேட்கவேண்டும். இக்கேள்விகளில் மூன்றாவதே பெரும்பாலும் பயன் தரும். மனிதர் அதைத்தான் சொல்ல மறந்துவிடுவர்.

இரண்டாவது, விளக்குகள். பொதுவாகப் பச்சை நலத்தையும் செம்மஞ்சள் பழுதையும் குறிக்கும். நீல விளக்கு பல சேவையகங்களில் இடங்காட்டியாகப் பயன்படும். நூறு சேவையகங்கள் ஒரே தோற்றத்துடன் அடுக்கப்பட்ட அறையில் நாம் தேடி வந்த சேவையகம் எது என அறிய, தூரத்திலிருந்து கட்டளையிட்டு அதன் நீல விளக்கை ஒளிரச் செய்வர். ஆனால் நிறங்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம், வகைக்கு வகை மாறும். ஆகவே உற்பத்தியாளரின் கைநூலைப் பார்த்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

மூன்றாவது, நிகழ்வுப் பதிவு. சேவையகத்தின் தாய்ப்பலகையில் ஒரு சிறிய தனிக் கணினி உண்டு. இதனைச் சேவைச் செயலி எனலாம். டெல் சேவையகங்களில் ஐடிராக் என்றும் எச்.பி. சேவையகங்களில் ஐலோ என்றும் அழைக்கப்படுவது இதுவே. மின் வடம் செருகப்பட்டிருந்தால், சேவையகம் நிறுத்தப்பட்டிருந்தாலும் இது விழித்திருக்கும். வெப்பநிலை, வோல்ற்றளவு, விசிறியின் வேகம் முதலியவற்றை அளந்து, எல்லை மீறினால் நேரத்துடன் எழுதி வைக்கும். இயக்க முறைமை முற்றாகச் செயலிழந்த பின்னரும் இப்பதிவை வாசிக்கலாம். 1998 ஆம் ஆண்டு இன்ரெல், டெல், எச்.பி., என்.இ.சி. ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து இதற்கென ஒரு பொது நியமத்தை வெளியிட்டன.

பதிவை வாசிக்கும்போது கடைசி வரியை மட்டும் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒரு பழுது இன்னொன்றைத் தூண்டும்; அது மூன்றாவதைத் தூண்டும். ஆகவே முதலாவது வரியைத் தேடிச் செல்லுங்கள்.

நினைவகம்

சேவையக நினைவகம் பிழை திருத்தும் வகையைச் சேர்ந்தது. 64 தரவுப் பிற்றுகளுடன் 8 சோதனைப் பிற்றுகளும் சேமிக்கப்படும். ஒரு பிற்று 0 இலிருந்து 1 ஆக மாறிவிட்டால் வன்பொருளே அதைக் கண்டு திருத்திவிடும். இரண்டு பிற்றுகள் மாறினால் கண்டுகொள்ளும், ஆனால் திருத்த முடியாது. முதலாவது திருத்தக்கூடிய பிழை, இரண்டாவது திருத்தமுடியாத பிழை. திருத்தமுடியாத பிழை ஏற்பட்டால் பிழையான விடையைத் தருவதிலும் பார்க்க நின்றுவிடுவதே மேல் என்ற அடிப்படையில் சேவையகம் பொதுவாக நிறுத்தப்படும்.

கூகிள் நிறுவனத்தின் சேவையகங்களில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டில் நூற்றில் ஏறத்தாழ 8 நினைவக அட்டைகளில் திருத்தக்கூடிய பிழை தோன்றியதாகக் காட்டியது. ஒருமுறை பிழை காட்டிய அட்டை மீண்டும் பிழை காட்டும் வாய்ப்பு மிக அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. "திருத்தப்பட்டுவிட்டதே, இனி என்ன" என விட்டுவிடாமல், அந்த அட்டையின் இலக்கத்தைக் குறித்து, அடுத்த பராமரிப்பு நேரத்தில் மாற்ற ஏற்பாடு செய்யவேண்டும்.

வன்தட்டு

இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். உங்களுக்குத் தெரிந்த துவித எண்களைக்கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம்.

சேவையகத்தில் தரவு ஒரே வன்தட்டில் வைக்கப்படுவதில்லை. பல தட்டுகளிற் பகிர்ந்து, கூடவே சமநிலைப் பிற்றுகளும் எழுதப்படும். இவ்வொழுங்கு றெயிட் எனப்படும். நான்கு தட்டுகள் உள்ளதாகக் கொள்வோம். மூன்றில் தரவு, நான்காவதில் சமநிலைப் பிற்று. (நடைமுறையில் றெயிட் 5 வகையில் சமநிலைப் பிற்றுகள் எல்லாத் தட்டுகளிலும் மாறி மாறி எழுதப்படும். விளக்கத்துக்காக ஒன்றில் வைத்துள்ளோம்.)

தட்டு 1: 1 0 1 1
தட்டு 2: 0 1 1 0
தட்டு 3: 0 0 1 1
தட்டு 4: 1 1 1 0

விதி இதுதான்: ஒவ்வொரு நிரலிலும் 1 களின் மொத்த எண்ணிக்கை இரட்டை எண்ணாக இருக்கவேண்டும். முதலாம் நிரலில் 1, 0, 0 உள்ளன. ஒன்று ஒற்றையாக உள்ளதால் தட்டு 4 இல் 1 எழுதப்பட்டது. மூன்றாம் நிரலில் 1, 1, 1; மீண்டும் ஒற்றை, ஆகவே 1. நான்காம் நிரலில் 1, 0, 1. ஏற்கனவே இரட்டை, ஆகவே 0.

இப்போது தட்டு 2 பழுதாகிவிட்டது. அதை மறைத்துவிட்டு நீங்களே கணித்துப் பாருங்கள். முதலாம் நிரல்: 1, 0, 1; இரட்டை, எனவே காணாமற்போனது 0. இரண்டாம் நிரல்: 0, 0, 1, எனவே 1. மூன்றாம் நிரல்: 1, 1, 1, எனவே 1. நான்காம் நிரல்: 1, 1, 0, எனவே 0. விடை 0110. இழந்த தட்டு அப்படியே திரும்பிவிட்டது. சேவையகம் இதே கணிப்பைச் செய்துகொண்டு, தட்டு 2 இல்லாமலே வங்கி வேலையைத் தொடரும். வாடிக்கையாளர் எதையும் அறியார்.

இனித் தொழினுட்பவியலாளர் வருகிறார். செம்மஞ்சள் விளக்கு எரியும் தட்டு 2 ஐ எடுக்கவேண்டியவர், இடமிருந்து எண்ணத் தொடங்கியதில் தவறி, நலமாக இயங்கும் தட்டு 3 ஐ இழுத்துவிட்டார் என்க. இப்பொழுது முதலாம் நிரலில் எஞ்சியவை தட்டு 1 இன் 1 உம் தட்டு 4 இன் 1 உம் மாத்திரமே. காணாமற்போன இரண்டும் 0, 0 ஆக இருக்கலாம். 1, 1 ஆகவும் இருக்கலாம். இரண்டுமே விதிக்குப் பொருந்தும். எது உண்மை என எந்தக் கணிப்பாலும் சொல்ல இயலாது. சேவையகம் அக்கணமே நின்றுவிடும். சில வேளைகளில் இழுத்த தட்டை மீண்டும் செருகி மீட்க முடியும். அதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

எண்ணும்போது இன்னொரு பொறி உண்டு. தட்டுகளின் இலக்கம் பெரும்பாலும் 0 இலிருந்து தொடங்கும். "மூன்றாவது தட்டு" என்று தொலைபேசியிற் சொன்னால் ஒருவர் 2 ஆம் இலக்கத்தையும் மற்றவர் 3 ஆம் இலக்கத்தையும் நினைப்பர். ஆகவே தட்டின் தொடர் இலக்கத்தை வாசித்து ஒப்பிடுவதும், அத்தட்டின் விளக்கை மினுக்கச் செய்து கண்ணாற் காண்பதும் வழக்கம்.

சரியான தட்டை மாற்றிய பின்னரும் ஆபத்து நீங்கிவிடவில்லை. புதிய தட்டில் இழந்த தரவு முழுவதும் கணித்து எழுதப்படவேண்டும். 4 ரெறாபைற்றுத் தட்டில் வினாடிக்கு 100 மெகாபைற்று வீதம் எழுதினால்,

4 000 000 ÷ 100 = 40 000 வினாடி

அதாவது ஏறத்தாழ 11 மணித்தியாலம். அவ்வேளையில் இன்னொரு தட்டுப் பழுதானால் றெயிட் 5 இல் எல்லாம் போய்விடும். ஒரே நாளில் வாங்கி ஒரே சுமையைத் தாங்கிய தட்டுகள் அடுத்தடுத்துப் பழுதாவதும் உண்டு. இதனாலேயே பெரிய நிறுவனங்கள் இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும் றெயிட் 6 ஐ விரும்புகின்றன.

றெயிட் இருப்பதால் காப்புப் பிரதி வேண்டாம் என எண்ணுவதும் தவறு. றெயிட் தட்டின் பழுதிலிருந்து காக்கும். அழித்தல், தீ, கணினிக் கப்பத் தாக்குதல் ஆகியவற்றிலிருந்து காக்காது. 2023 இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைச் சேவையகங்கள் கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை.

உண்மையில் நடந்த ஒரு சம்பவம்

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் அரச திணைக்களங்களின் தரவுகள் ஒரு பொதுத் தரவு நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2010 ஓகஸ்ட் 25 அன்று அங்குள்ள இ.எம்.சி. நிறுவனத்தின் டி.எம்.எக்ஸ்-3 என்ற பெரும் சேமிப்பகத்தில் நினைவகப் பலகைப் பழுது அறிவிக்கப்பட்டது. இது தட்டுகளுக்கு முன்னால் நின்று தரவைத் தற்காலிகமாக ஏந்தும் நினைவகம். இவ்வகைச் சேமிப்பகத்தில் எல்லாமே இரட்டை. ஒரு பலகை பழுதானால் மற்றையது தாங்கவேண்டும். பழுது பார்க்கும் வேலை தொடங்கியது. அதன்போது சேமிப்பகமே நின்றது.

26 அரச நிறுவனங்களின் வேலைகள் பாதிக்கப்பட்டன. மோட்டார் வாகனத் திணைக்களம் பல நாட்களாகச் சாரதி அனுமதிப்பத்திரங்களை வழங்க முடியாமல் இருந்தது. பின்னர் நடத்தப்பட்ட சுயாதீன ஆய்வு, பலகை மாற்றும் வேலையின்போது ஏற்பட்ட மனிதத் தவறே தடை இவ்வளவு நீண்டதற்குக் காரணம் என முடிவு செய்தது. மேலும் ஒரு விடயத்தையும் அது சுட்டிக்காட்டியது. இச்சேமிப்பகத்தின் தரவு வேறொரு நிலையத்துக்கு உடனுக்குடன் பிரதி செய்யப்பட்டு வந்தது. பழுது பார்க்கத் தொடங்குமுன் அந்தப் பிரதி செய்தல் இடைநிறுத்தப்படவில்லை. ஆகவே இங்கே கெட்டுப்போன தரவு அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அவசரத்துக்கென வைத்திருந்த பிரதியும் கெட்டது.

இச்சம்பவத்தில் பணம் கொட்டி வாங்கிய இரட்டைப் பாகங்கள் இருந்தன, தூரத்துப் பிரதி இருந்தது, பயிற்சி பெற்றோர் இருந்தனர். குறைந்தது வேலையின் ஒழுங்கு. பரீட்சையில் "பாகத்தை மாற்றுமுன் செய்யவேண்டியவை" எனக் கேட்டால் இச்சம்பவத்தை நினைவிற்கொண்டு எழுதலாம்: பழுதான பாகத்தை இரண்டு சான்றுகளால் உறுதி செய்தல், காப்புப் பிரதி உண்டா எனப் பார்த்தல், தன்னியக்கப் பிரதி செய்தலை இடைநிறுத்துதல், மாற்றுப் பாகத்தின் இலக்கம் பொருந்துகிறதா எனப் பார்த்தல், பொறுப்பாளரின் அனுமதி பெறல்.

கை வைக்கும்போது

உடலில் நிலைமின் ஏற்றம் சேரும். நாம் உணரும் அளவுக்குப் பொறி பறக்கச் சில ஆயிரம் வோல்ற்று தேவை. நுண்சுற்றுகளோ அதிலும் மிகக் குறைந்த வோல்ற்றளவிலேயே சேதமடையலாம். அதாவது நீங்கள் ஒன்றையும் உணராமலே நினைவக அட்டையைக் கெடுத்துவிடலாம். கெட்டது அன்றே தெரியாமல் ஒரு மாதத்தின் பின்னரும் தெரியவரலாம். ஆகவே மணிக்கட்டுப் பட்டியை அணிந்து, அதன் வடத்தைச் சேவையகத்தின் உலோகச் சட்டத்துடன் இணைத்துக்கொண்டு வேலை செய்யவேண்டும். அட்டையை விளிம்பிற் பிடிக்கவேண்டும். பொன்னிறத் தொடுகைகளைத் தொடலாகாது. ஒரு வலு வழங்கியைக் கழற்றுமுன் மற்றையதன் விளக்கைப் பார்க்கவேண்டும். வலு வழங்கியின் உறையைத் திறக்கவே கூடாது. மின்னைத் துண்டித்த பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் ஏற்றம் எஞ்சியிருக்கும்.

மின்னும் காற்றும்

எமது பிரதேசத்துக்கு இது முக்கியமானது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி மின்னலும், கச்சான் காற்றுக் காலத்தில் புழுதியும், கரையோரத்தில் உப்புக் காற்றும் கணினிக்குப் பகை. புழுதி வெப்பத்தட்டின் இடுக்குகளை அடைத்தால் விசிறி சுழன்றும் பயனில்லை.

மின் தடை எங்களுக்குப் புதிதன்று. 2020 ஓகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த தவறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று தொடுகையுற்றதால் மீண்டும் நாடளாவிய மின் தடை ஏற்பட்டது. இவ்வேளைகளில் சேவையகத்தைத் தாங்குவது யூ.பீ.எஸ். எனப்படும் தடையற்ற வலு வழங்கி. அது பொதுவாகச் சில நிமிடங்களுக்கே போதும். அதற்குள் மின்பிறப்பாக்கி இயங்கவேண்டும். இரண்டு வலு வழங்கிகளையும் ஒரே யூ.பீ.எஸ். இல் செருகுவது நாம் அடிக்கடி காணும் பிழை. யூ.பீ.எஸ். பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

யூ.பீ.எஸ். இன் மின்கலங்களுக்கும் வயதுண்டு. அவற்றைக் கையாள்வதும் ஆபத்தான வேலை. 2025 செப்ரெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில், லித்தியம் மின்கலங்களை இடம்மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. 600 இற்கும் மேற்பட்ட அரச கணினி முறைமைகள் நின்றன. அரச ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்த ஒரு முறைமைக்கு வெளியிடத்தில் காப்புப் பிரதி இல்லாததால் அக்கோப்புகள் முற்றாக அழிந்தன.

பயிற்சி வினா

ஓர் அலுவலகத்தில் அதிகாலை 2 மணியளவில் "முறைமை மிக மெதுவாக உள்ளது" என முறைப்பாடு வந்தது. சேவையகத்தின் நிகழ்வுப் பதிவு கீழே தரப்பட்டுள்ளது. ஒரு மாணவர் "செயலி பழுது, மாற்றவேண்டும்" என விடை எழுதினார். அவருடைய விடை சரியா? காரணம் தருக.

01:12 உள்வரும் வளியின் வெப்பநிலை 38 பாகை செல்சியசு, எச்சரிக்கை
01:15 எல்லா விசிறிகளும் உச்ச வேகத்தில்
01:40 செயலி 1 வெப்பநிலை எல்லை மீறியது
01:41 செயலி 1 இன் வேகம் குறைக்கப்பட்டது
01:55 வன்தட்டு 3 வெப்ப எச்சரிக்கை

விடை: சரியன்று. பதிவின் முதலாவது நிகழ்வு செயலியைப் பற்றியதன்று; சேவையகத்துக்குள் நுழையும் வளியைப் பற்றியது. சேவையகத்துக்குள் செல்லும் வளி 18 முதல் 27 பாகை வரை இருப்பது விரும்பத்தக்கது. இங்கே 38 பாகை. விசிறிகள் உச்ச வேகத்தில் சுழல்வதால் விசிறிகள் இயங்குகின்றன எனத் தெரிகிறது. சூடான வளியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் செயலி குளிராது. செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. அதுவே பயன்படுத்துவோர் கண்ட மெதுவான இயக்கம். வன்தட்டின் எச்சரிக்கையும் அதே வெப்பத்தால் வந்தது. எனவே முதலிற் பார்க்கவேண்டியது அறையின் குளிரூட்டியும் வளி நுழையும் வழியுமாகும். செயலியையோ வன்தட்டு 3 ஐயோ மாற்றினால், புதிய பாகமும் சிறிது நேரத்தில் அதே எச்சரிக்கையைக் காட்டும்.